சூரைமுனைக்கு மணல் வரும்வரை

ஜனவரி 8, ஞாயிறு

அமலோற்பவம் இன்று தூத்துக்குடிக்கு, மகள் பிரின்சி வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். இரண்டு வாரத்துக்குப் போகிறவள் மிக்ஸியை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

போன மழையில் கடல் எங்கள் பின்வாசலையும் துணி துவைக்கிற கல்லையும் கோழிக்கூட்டையும் எடுத்துக்கொண்டது. இப்போது அடுக்களைச் சுவருக்கும் அலைக்கும் நடுவில் கருங்கல் குவியல் மட்டும்தான் இருக்கிறது. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டிய நாளிலிருந்து சூரைமுனைப் பக்கம் மணல் ஒதுங்குவதே இல்லை. படுத்தால் தலைமாட்டில் கடல் இடிக்கிறது. அமலி மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. நான் தூங்கினேன், அதுதான் அவளுக்குக் கூடுதல் கோபம்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "கரை வரட்டும், நான் வாரேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் மீன்பிடி வள்ளங்களின் அவுட்போர்டு இன்ஜின் மெக்கானிக். ஊர்க் கமிட்டிக்குச் செயலாளரும் நான்தான், வாய் அதிகம் என்பதால் என்னைப் போட்டார்கள். ஆகவே கரையைக் கொண்டுவர வேண்டியதும் என் வேலைதான்.

ஜனவரி 12, வியாழன்

சென்னையிலிருந்து கீர்த்தனா என்ற பெண் வந்திருக்கிறாள். மணல் திட்டத்துக்கு அறிக்கை தயாரிக்கிற கம்பெனியின் ஆள். பிரின்சி வயதுதான் இருக்கும். தலையில் தொப்பி, வெயிலைப் பற்றிக் கவலையே இல்லை.

திட்டம் இதுதான். கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் அடியில் கிடக்கும் மணலை ஒரு கப்பல் உறிஞ்சும், குழாய் வழியாக அதை ஊர் நீளத்துக்கும் கொட்டும். பழைய கரையைத் திரும்பச் செய்து தருவார்கள். பணம் ஒதுக்கியாயிற்று, அனுமதிதான் பாக்கி. அறிக்கை வேண்டும், வரைபடம் வேண்டும், மீன்துறை சம்மதிக்க வேண்டும், வனத்துறை சம்மதிக்க வேண்டும், ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு சென்னையில் ஒரு குழு உட்கார வேண்டும். மே மாதத்துக்குள் கிடைத்தால் மழைக்கு முன் மணல் விழும். இல்லையென்றால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் எங்கள் தெருவில் எத்தனை வீடு இருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மீன் பிடிக்கிற இடத்தில் மணல் எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் கீர்த்தனா ஒவ்வொரு வள்ளக்காரனிடமும் எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டாள். கேட்கக் கூடாத கேள்வி அது. கடலடியில் கல் கிடக்கும் இடத்தைப் பார் என்போம். களவாவும் விளமீனும் அங்கேதான் நிற்கும். ஒவ்வொருவனுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு, தகப்பன் மகனுக்குச் சொல்லுவான், அதோடு சரி. பக்கத்தில் வேறு வள்ளம் வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு இன்ஜின் கோளாறு மாதிரி நடிப்பான். அந்த நடிப்பைப் பார்த்து மெக்கானிக் வேண்டுமா என்று எனக்கே போன் வந்திருக்கிறது.

ஆகவே எல்லோரும் வடக்கே கையைக் காட்டினார்கள். வடக்கே வெறும் சேறு. அங்கே பொழுதுபோகாதவன்கூடத் தூண்டில் போடமாட்டான். அமலியின் தம்பி லாசர் இருக்கிறானே, அவன் எந்த மாதத்தில் என்ன மீன் என்பதுவரை விளக்கமாகப் பொய் சொன்னான். அந்தப் பெண் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கமிட்டி முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

ஜனவரி 16

மீன் குழம்பு வைத்தேன். குழம்பு என்று நான் ஒருவன்தான் சொல்கிறேன்.

ஜனவரி 22, ஞாயிறு

இரண்டு வாரம் முடிந்தது. போன் செய்தேன்.

"கொண்டக்கடலை எவ்வளவு நேரம் ஊறணும்?"

"என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"ராத்திரியே போட்டிரணும். இத்தன வருஷமா வீட்டுல நடக்கத ஒரு நாளும் கண்ணெடுத்துப் பாக்கலையாக்கும்."

"எப்ப வார?"

"பிரின்சி இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லுதா. ஃபைலு எங்க நிக்கி?"

மீன்துறையில் நிற்கிறது என்றேன். கொண்டைக்கடலை எனக்குப் பிடிக்காது.

பிப்ரவரி 9, வியாழன்

வனத்துறைக் கடிதம் பற்றிப் பேசத் தூத்துக்குடி போனேன். ஆமை முட்டையிடுகிற மாதங்களில் மணல் கொட்டக் கூடாதாம். ஆமை வந்து ஏற எங்கள் ஊரில் கரை எங்கே இருக்கிறது சார் என்று கேட்டேன். அந்த அதிகாரி நல்ல மனிதர், சிரித்துவிட்டார். "கரை வந்தா ஆமையும் வருங்க" என்றார். கரை வந்தால்தான் எல்லோரும் வருவார்கள் போலிருக்கிறது. மே மாதம் தொடங்கினால் ஆமைக்குத் தொந்தரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு கையெழுத்து முடிந்தது.

அப்படியே பிரின்சி வீட்டுக்குப் போனேன். அமலி கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"நல்லா தூங்குதியா?"

"படுத்தா விடிஞ்சிருது. ரோட்டுல லாரியா போவுது, ஒண்ணும் தெரியல."

நல்லதுதானே. திரும்பி வருகிற வழியெல்லாம் நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்காகக் கொஞ்சமாவது தூக்கம் கெட்டிருக்கலாம்.

மார்ச் 14, செவ்வாய்

வரைபடம் வந்துவிட்டது. பேரூராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மணல் எடுக்கப்போகும் இடத்தைத் தென்கிழக்கில் ஒரு கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "மீன்பிடிப்பு இல்லாத பகுதி" என்று போட்டு, ஆதாரம் சூரைமுனை ஊர்க் கமிட்டி என்றும் எழுதியிருக்கிறது.

மதியம் லாசர் பட்டறைக்கு வந்தான். கையில் பிளக்கும் இல்லை, ஃபில்டரும் இல்லை.

"அத்தான், படத்தப் பாத்தியளா? அந்தக் கட்டம் நம்ம பாருக்கு மேலயே கிடக்கு."

எனக்கும் காலையிலேயே தெரியும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாமனார் என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், கோயில் கோபுரத்தையும் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியையும் காட்டி, அவை இரண்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகிற இடத்தில் நிறுத்தினார். "மகளுக்குன்னு நகை கொஞ்சந்தான் போட்டேன். இதுல உனக்கும் பாத்தியம் உண்டு" என்றார். மெக்கானிக்குக் கொடுத்த சீதனம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சவேரியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அமலியிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்கும் அந்தப் பாரில் லாசர் பிடிக்கிற முதல் மீன் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது.

"கூட்டத்துல நீங்க எந்திச்சிச் சொல்லுங்க" என்றான்.

"உன் பொழப்பு, நீ சொல்லு."

"நான் சொன்னா மறுநாளு ஊரு வள்ளம் பூராவும் அங்கன நிக்கும். பிறவு நான் எங்க போவ?"

"அப்ப வாயப் பொத்திட்டு இரு. சொன்னா மறுபடி அளக்கணும், இந்த வருஷ அனுமதி போச்சு. கல்லு எங்கயும் நடந்து போயிராது."

டீ சொல்லியிருந்தேன், குடிக்காமல் போய்விட்டான்.

மார்ச் 17, வெள்ளி

கீர்த்தனாவுக்குப் போன் செய்தேன். சும்மா பேச்சுக்குக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் கட்டத்துக்குள்ள கல்லு கிடந்தா என்னம்மா ஆகும்?"

"கல் மேல சேறு படிஞ்சிடும் அங்கிள். மீன் திரும்பி வரப் பல வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். அதனாலதான் கல் இருந்தா அந்த இடத்தையே எடுக்க மாட்டோம்."

"உங்க மெஷினுக்குத் தெரியாதா?"

"நாங்க கோடு கோடா ஓட்டிப் பார்த்தோம். சின்னக் கல்னா ரெண்டு கோட்டுக்கு நடுவுல தப்பியிருக்கலாம். அதுக்குத்தான் ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டேன். ஏன் அங்கிள், இருக்கா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 25

பட்டறையில் இந்த வாரம் நல்ல கூட்டம். எந்த இன்ஜினிலும் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொருவனாக வந்து, கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டு, நான் குனிந்திருக்கும்போது மெதுவாகக் கேட்கிறான், "செயலாளரே, அந்தக் கட்டத்தக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?" ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்கிறான். எல்லாருடைய பாரும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன் பொய் சொன்னதில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே குழியில் விழுந்திருக்கிறோம். பக்கத்து வள்ளக்காரன் சொல்லட்டும் என்று ஒவ்வொருவனும் காத்திருக்கிறான். நான் கார்புரேட்டரைத் துடைத்து மாட்டிக் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

அமலி பூசைக்கு வந்தாள். வந்தவுடன் அடுக்களைக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். கல் குவியலில் பாதி சரிந்திருக்கிறது. கதவைச் சாத்தினாள். ஆனால் சமைத்தாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

லாசர் வரவில்லை. அக்காள் வந்திருக்கிறாள் என்று ஆள் விட்டும் வரவில்லை. "ரெண்டு பேருக்கும் என்ன?" என்று கேட்டாள். இன்ஜின் தகராறு என்றேன்.

மத்தியானம் கொஞ்சம் படுத்தாள். நான் வாசல்பக்கம் உட்கார்ந்து அவள் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை. ஒவ்வொரு அலைக்கும் பாதம் அசைந்தது.

"எப்பங்க அனுமதி வரும்?"

"கூட்டம் இந்த மாசக் கடைசி. ஊருக்கு ஆட்சேபண இல்லேன்னு நான் எழுதிக் கொடுத்துட்டா மே மாசத்துல வந்துரும்."

"வந்தா மறுநாளே வந்திருவேன். நெசமா. அங்க தூக்கந்தான் வருது, வேற ஒண்ணும் வரல. பிரின்சி வீட்டுல நான் விருந்தாளிதான."

கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டவில்லை. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 24

ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை எழுதி முடித்தேன். லாசர் தெருவில் எதிரே வந்தான், மறுபக்கம் போய்விட்டான். கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

ஏப்ரல் 27, வியாழன்

கூட்டம் கோயில் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மாவட்ட அதிகாரி, மீன்துறை ஆட்கள், கீர்த்தனா எல்லாரும் மேடையில் இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து பின்னால் நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் அமலி உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்று சொல்லவே இல்லை. புதுச்சேலை கட்டியிருந்தாள். நல்ல செய்தியைக் கேட்க வந்திருக்கிறாள்.

கீர்த்தனா திரையில் படம் போட்டு விளக்கினாள். கரை வந்த பிறகு ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு படம். அதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மணல் அகலமாகக் கிடந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

பிறகு அதிகாரி என்னை அழைத்தார். நான் கடிதத்தை வாசித்துக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதற்குமுன் ஒரு கேள்வி கேட்டார், எல்லாம் வீடியோவில் பதிவாகும் என்று வேறு சொன்னார்.

"படத்துல இருக்கிற இந்தக் கட்டத்துக்குள்ள உங்க ஊர்க்காரங்க யாரும் மீன் பிடிக்கிறதில்ல. சரிதானே?"

வள்ளக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். லாசர் மட்டும் தரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அக்காளின் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாயிலிருந்து சரி என்று வந்தால் அவள் மறுநாளே வந்துவிடுவாள். அதை அவனும் அறிவான். அதனால்தான் பேசாமல் இருந்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மின்விசிறி ஓடவில்லை. வியர்வையில் மூக்குக்கண்ணாடி நனைந்துவிட்டது, கடிதத்தை வாசிக்க முடியவில்லை. அதனால் சொந்தமாகப் பேசும்படி ஆயிற்று.

"சரியில்ல சார். பிடிக்காங்க."

"யாரு?"

"என் மாமனார் பிடிச்சாரு. இப்ப என் மச்சினன் பிடிக்கான். அங்கன பார் இருக்கு. எனக்குத் தெரியும்."

"அப்ப ஜனவரியில முத்திரை குத்திக் கொடுத்தது?"

"அது நாங்க சொன்ன பொய்யி சார்."

கீர்த்தனா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "எனக்கும் ஒண்ணு இருக்கு." அப்புறம் இன்னொருவன். அப்புறம் ஹால் முழுக்க எழுந்து நின்றது. ஒருவனை ஒருவன் பார்த்து, உனக்குமாலே அங்க என்று கேட்டுக்கொண்டார்கள்.

சரி, இடத்தைச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறோம் என்றார் அதிகாரி. உடனே எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே ஊர் முழுக்க இருக்கிறது, பின்னால் பக்கத்து ஊர் நிற்கிறது, எவன் சொல்லுவான்? அதிகாரி கோபப்பட்டார். சொல்லவும் மாட்டீர்கள், எடுக்கவும் விடமாட்டீர்கள் என்றால் நான் என்ன எழுதுவது என்றார். அப்போது லாசர் எழுந்தான்.

"எங்க அத்தான்ட்ட தனித்தனியா சொல்லிருதோம். அவரு எல்லாத்தையும் சேத்து மேடத்துட்ட ஒரே எல்லையாக் காட்டட்டும், எது யாரோடதுன்னு வேண்டாம். அத்தானுக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

ஹால் சிரித்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மணலுக்கு வேறு இடம் தேட வேண்டும், மறுபடி அளக்க வேண்டும், மறுபடி கூட்டம். இந்த வருஷம் இல்லை என்று அதிகாரி பதிந்துகொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் அமலி நின்றாள். நானும் போய் நின்றேன்.

"அப்பா உங்கட்ட சொன்னாரா?"

"கல்யாணம் முடிஞ்ச மூணா நாளு."

"என்ட்ட சொல்லவே இல்ல நீங்க."

"சத்தியம் வாங்கிட்டாரு."

"நான் என்ன தூண்டில எடுத்துட்டா ஓடப்போறேன்." பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். "சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இப்ப இந்த பஸ்ஸுல ஏற வேண்டாம்."

"ஆமா."

"அப்பாவோட பார அழிச்சிட்டு நான் வந்து அங்கன தூங்கிருப்பனாக்கும்."

கோபமா என்று கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 30, ஞாயிறு

மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பிரின்சியை அழைத்தேன். அம்மா குளிக்கிறாள் என்றாள்.

மே 4

வள்ளக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். இன்ஜின் பழுது என்ற சாக்கு இப்போது தேவையில்லை. இருந்தாலும் பழக்கதோஷத்தில் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் காதில் சொல்கிறார்கள். இரண்டு பேர் தகப்பன் பெயரைச் சொல்லி அழுதார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே கல்லைச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியாது, நானும் சொல்லவில்லை.

லாசர் இன்று களவா கொண்டுவந்தான். குழம்பு வைத்துக்கொடுக்கவா என்று கேட்டான். என் குழம்பின் புகழ் அவன் வீடுவரை போயிருக்கிறது.

மே 10, புதன்

அமலி தானாகவே போன் செய்தாள்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு."

"அடுத்த வருஷமாவது கிடைக்குமா?"

"கிடைக்கலாம்."

"அதுவர வீடு நிக்குமா?"

"தெரியல அமலி." இதுவரை அவளிடம் நிற்கும் என்றுதான் சொல்லி வந்தேன்.

"இங்க வந்துருங்களேன். பிரின்சி ஒண்ணும் சொல்லமாட்டா."

போக வேண்டும் போல் இருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போக வேண்டும் போல் இருந்தது.

"முடியாதுட்டி. பாதிப் பேருதான் இடத்தச் சொல்லிருக்கான். நான் அங்க வந்துட்டா மிச்சப் பேரு யார்ட்ட சொல்லுவான்? வேற யாரையும் நம்ப மாட்டானுவ."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"அப்ப ஒண்ணு செய்யுதேன்" என்றாள். "ஞாயித்துக்கிழம பூசைக்கு அங்க வாரேன். சமைச்சு வச்சிட்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிருவேன். ராத்திரி மட்டும் என்னால முடியாது."

"சரி."

"இந்த ஞாயிறு மட்டுமில்ல. மணல் வார வர எல்லா ஞாயிறும்."

சரி என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

போனை வைத்துவிட்டுச் சுவரில் காலண்டரைப் பார்த்தேன். இன்னும் புதன்கிழமைதான் ஆகிறது.